பக்கத்து ஆளின் புகை: ஓர் எளிய விளக்கம்

இரவு ஒன்பதரை மணி இருக்கும். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி அன்றைய கடைசி சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்துவதில் நான் ரொம்பக் கறார். வீட்டுக்குள் கொஞ்சம்கூட நெடி வரக் கூடாது. இந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காகப் புகைக்கிற ஆள் நான்தான் என்று எனக்குள் ஒரு பெருமையும் உண்டு.

அழைப்பு மணி அடித்தது. மேல்வீட்டுப் பெண் நின்றிருந்தார். தோளில் கைக்குழந்தை.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பால்கனியில நிக்கறப்போ புகை நேரா எங்க ஜன்னல் வழியா உள்ள வந்துருது. தொட்டில் அங்கதான் இருக்கு. இவன் தூங்குற நேரம் மட்டும் கொஞ்சம்..."

அவர் முடிக்கவில்லை. "ஐயோ, தெரியாதும்மா" என்றேன். உண்மையாகவே தெரியாது. சூடான காற்று மேலேதான் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பதினோரு வருடம் புகைத்தவன், ஒரு நாளாவது தலையைத் தூக்கி அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்ததில்லை.

பிறகு சிகரெட்டை விட்டேன். அன்றைக்கே விட்டேன் என்றால் நல்ல கதையாக இருக்கும், ஆனால் அதற்கு இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. விட்டு இப்போது எட்டு வருடம். புகை விடுகிறவனாகவும் அதைச் சுவாசிக்கிறவனாகவும் இருந்து பார்த்துவிட்டேன். புகைப்பவர், பக்கத்தில் இருப்பவர் இருவரும் ஒரே இடத்தைப் பகிர்வது பற்றி அடிப்படையிலிருந்து சொல்லிப்பார்க்கிறேன்.

ஒரு சிகரெட், இரண்டு புகை

எரிகிற சிகரெட்டிலிருந்து இரண்டு வழியாகப் புகை வருகிறது. ஒன்று, புகைப்பவர் உள்ளே இழுத்து வெளியே ஊதுவது. மற்றொன்று, விரலிடுக்கில் சும்மா இருக்கும்போது நுனியிலிருந்து நூல் மாதிரி எழுந்துகொண்டே இருப்பது. இரண்டும் காற்றில் கலந்து பக்கத்திலிருப்பவர் மூக்குக்குப் போவதைத்தான் பிறர் புகை என்கிறோம். பாசிவ் ஸ்மோக்கிங் என்று பலரும் சொல்வது இதைச் சுவாசிப்பதைத்தான்.

நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, இதில் பெரும்பங்கு நுனியிலிருந்து வருவதுதான். அறையில் சேரும் புகையில் சுமார் 85 சதவீதம் அது. கணக்குப் போட்டால் ஆச்சரியமில்லை. ஒரு சிகரெட் ஐந்தாறு நிமிடம் எரிகிறது என்று வையுங்கள். அதில் பத்து இழுப்பு, ஒவ்வொன்றும் இரண்டு வினாடி. புகைப்பவர் தனக்காக எடுத்துக்கொள்வது மொத்தம் இருபது வினாடிதான். மீதி நேரமெல்லாம் அந்தச் சிகரெட் யாருக்காக எரிகிறது? அங்கே இருக்கிற எல்லோருக்காகவும்தான்.

இன்னொரு விஷயம் வெப்பம். இழுக்கும்போது நுனி கிட்டத்தட்ட 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். சும்மா கனியும்போது 600 டிகிரி அளவில் இருக்கும். வெப்பம் குறைந்தால் எரிவது அரைகுறையாக எரியும். அதனால் எடைக்கு எடை பார்த்தால், நுனியிலிருந்து கசியும் புகையில் நச்சு அதிகம். போதாததற்கு, புகைப்பவருக்கு ஃபில்டர் உண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அதுவும் கிடையாது.

புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் 70 அளவுக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை. இந்த எண்களைக் கேட்டதும் மனம் மரத்துப்போகும் என்று எனக்குத் தெரியும், புகைத்த காலத்தில் எனக்கும் அப்படித்தான். என்னை உறுத்தியது வேறொன்று. புகைத்துணுக்குகள் மிகச் சிறியவை. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தூசி மாதிரி கீழே உட்காராமல் மணிக்கணக்கில் மிதக்கும், நுரையீரலின் கடைசி அறை வரை போகும். கண்ணுக்குத் தெரியும் புகை கலைந்துவிட்டது என்பதற்காகக் காற்று சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

அப்புறம் மூக்கு. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். புகைப்பவருக்குத் தன் சட்டை, தன் கார், தன் தலையணை எதிலும் நெடி தெரியாது. "நாறுது" என்று யாராவது முகத்தைச் சுளித்தால் அவர் மிகைப்படுத்துகிறார் என்றுதான் தோன்றும். நான் விட்டு மூன்று மாதம் கழித்து, பெட்டியில் கிடந்த பழைய குளிர்காலக் கோட்டை எடுத்தேன். முகத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக முடியவில்லை. அதைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்துக் கூசிப்போனேன்.

துணியிலும் சோபாவிலும் திரைச்சீலையிலும் சுவரிலும் இப்படிப் படிந்து கிடப்பதற்கும் ஒரு பெயர் வந்துவிட்டது, மூன்றாம் நிலைப் புகை. 2009 வாக்கில்தான் இந்தச் சொல் பரவலானது. அதில் இருக்கும் நிகோடின் காற்றிலுள்ள சில பொருட்களோடு வினைபுரிந்து புதிய நச்சுகளாகவும் மாறுகிறது. தவழ்கிற குழந்தை எல்லாவற்றையும் தொடும், தொட்ட கையை வாயில் வைக்கும். அதற்கு எவ்வளவு கெடுதல் என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நேரடியாகச் சுவாசிக்கும் பிறர் புகை பற்றி மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஹிராயாமாவின் மனைவிமார்கள்

சந்தேகம் தீர்ந்த கதை சுவாரஸ்யமானது. ஜப்பானில் தகேஷி ஹிராயாமா என்ற தொற்றுநோயியல் ஆய்வாளர், தாங்கள் புகைக்காத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு வருடம் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார். கணவர் அதிகம் புகைப்பவராக இருந்தால் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்காக இருந்தது. 1981-ல் இது வெளியானது. சிகரெட்டையே தொடாத பெண்கள், புகைத்தவரோடு குடும்பம் நடத்தியதுதான் அவர்கள் செய்தது.

சிகரெட் நிறுவனங்கள் அவருடைய புள்ளிவிவரத்தைத் தூக்கிப்போட்டு மிதித்தன. வழக்குகள் மூலம் பின்னாளில் வெளிவந்த உள் ஆவணங்களைப் பார்த்தால், அவர்கள் தரப்பு ஆலோசகர்களிலேயே சிலர் "அந்த மனிதர் சொல்வது சரிதான்" என்று அப்போதே ஒப்புக்கொண்டிருந்தது தெரிகிறது. 1986-ல் அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை, புகைக்காதவருக்கும் பிறர் புகையால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்றது. 2006 அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்லத்தக்க அளவே பிறர் புகைக்கு இல்லை என்றது. வீட்டிலோ வேலையிடத்திலோ தொடர்ந்து பிறர் புகையில் இருப்பவருக்கு இதய நோய் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம், நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது என்பது அதில் உள்ள மதிப்பீடு. புகைக்காமலேயே பிறர் புகையால் இறப்பவர்கள் உலகம் முழுக்க ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதயம் பற்றிப் பலருக்கும் தெரியாது. புற்றுநோய்க்கு வருடங்கள் ஆகும். ஆனால் ரத்தக்குழாய் அரை மணி நேரத்திலேயே மாற்றத்தைக் காட்டிவிடும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டும் தன்மைக்கு மாற ஆரம்பித்துவிடும். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர் ஒருவர் அந்த அறையில் இருந்தால், 'கொஞ்ச நேரம்தானே' என்று சொல்வது அவருக்குப் பொருந்தாது. அவர் நெற்றியில் அது எழுதியிருக்கவும் செய்யாது.

ஜன்னலைத் திறந்தால் போதாதா?

போதாது. ஜன்னல், மின்விசிறி, ஏசி எல்லாம் புகையை நகர்த்தும், நீர்க்கச் செய்யும், ஆனால் முழுதாக அகற்றாது. காரில் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுப் புகைப்பவர், புகை வெளியே போகிறது என்று நம்புகிறார். அதில் நிறையவே சுழன்று பின்சீட்டுக்குத்தான் வரும். பின்சீட்டில் பெரும்பாலும் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

விமானம் இதற்கு நல்ல உதாரணம். ஒரு காலத்தில் விமானத்தில் புகைக்கும் வரிசைகள், புகைக்காத வரிசைகள் என்று பிரித்திருந்தார்கள். இருபதாவது வரிசையில் புகை, பத்தொன்பதாவது வரிசையில் தூய காற்று! நடுவில் ஒரு திரைகூடக் கிடையாது. பயணிகள் சில மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுவார்கள். பணிப்பெண்களுக்கு அதுவே அன்றாட வேலை. அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் 1988-ல் இரண்டு மணி நேரத்துக்குட்பட்ட பயணங்களிலும், 1990-ல் ஆறு மணி நேரத்துக்குட்பட்டவற்றிலும் தடை வந்தது. 1991-ல் விமானப் பணியாளர்கள் சிகரெட் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள். 1997-ல் அது 30 கோடி டாலர் சமரசத்தில் முடிந்து, அந்தப் பணம் ஆராய்ச்சிக்குப் போனது.

இன்றைக்கும் விமானக் கழிவறைக் கதவில் சின்னதாக ஓர் ஆஷ்டிரே இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? பக்கத்திலேயே புகைக்காதீர் என்ற படம். முரண்பாடு மாதிரி தெரியும், ஆனால் அந்த ஆஷ்டிரே விதிப்படி இருந்தே ஆக வேண்டும். தடை இருந்தாலும் யாராவது ஒருவர் பற்றவைப்பார். பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில் துண்டைக் காகிதக் குப்பைத்தொட்டியில் போடுவார். 1973-ல் பாரிஸ் அருகே ஒரு விமானத்தின் கழிவறையில் தீப்பிடித்து 123 பேர் இறந்தார்கள். குப்பைத்தொட்டியில் போட்ட சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணம் என்று கருதப்பட்டது. எனக்கு அந்த ஆஷ்டிரே மேல் ஒரு மரியாதை உண்டு. ஆளைத் திட்டாமல், அவர் தவறுவார் என்பதையும் கணக்கில் வைத்து, மற்றவரைக் காப்பாற்றப் பார்க்கும் ஏற்பாடு அது.

யாரால் எழுந்து போக முடியாது?

"பிடிக்காவிட்டால் எழுந்து போக வேண்டியதுதானே" என்ற வாதம் வெகுகாலம் ஓடியது. அதை முறித்தவர்கள் வாடிக்கையாளர்கள் அல்ல, வேலை பார்த்தவர்கள். கனடாவில் ஹெதர் க்ரோ என்றொருவர். நாற்பது வருடம் உணவகங்களில் பரிமாறும் வேலை. வாழ்நாளில் புகைத்ததில்லை. 2002-ல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றி, ஊர் ஊராகப் போய்ப் பேசி, வேலையிடங்களில் புகைக்குத் தடை கேட்டார். 2006-ல் இறந்தார். அவரைப் பார்த்து யாரால் சொல்ல முடியும், எழுந்து போயிருக்கலாமே என்று?

2004 மார்ச் 29-ம் தேதி, உலகிலேயே முதன்முதலாக, நாடு முழுக்க மூடிய வேலையிடங்களில் புகைக்கத் தடை போட்டது அயர்லாந்து. பார்களும் அதில் அடக்கம். ஐரிஷ்காரர்களை மதுக்கூடத்தில் புகைக்காமல் உட்காரவைப்பதாவது, நடக்கிற காரியமா என்று கேட்டவர்கள் உண்டு. நடந்தது. புகைப்பவர்கள் எழுந்து வாசலுக்குப் போனார்கள், புகைத்தார்கள், திரும்பி வந்தார்கள். சட்டம் அவர்களைப் புகைக்காதே என்று சொல்லவில்லை, இந்தக் கூரைக்குக் கீழே வேண்டாம் என்றது, அவ்வளவுதான். 2006 மார்ச்சில் ஸ்காட்லாந்தும் அதைச் செய்தது. தடைக்கு முந்தைய பத்து மாதங்களையும் பிந்தைய பத்து மாதங்களையும் ஒப்பிட்டபோது, ஆய்வில் இருந்த ஒன்பது மருத்துவமனைகளில் மாரடைப்பு போன்ற கடும் இதயப் பாதிப்போடு சேர்ந்தவர்கள் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள். குறைந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு புகைக்காதவர்கள்.

பொது இடத்தில் அக்கறை என்பது என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: இந்த இடத்தில் யாரால் எழுந்து போக முடியாது என்று பார்ப்பது. பரிமாறுபவர், ஓட்டுநர், வாசல் காவலாளி, தொட்டிலில் கிடக்கும் குழந்தை, படுக்கையில் இருக்கும் முதியவர். புகைப்பவரால் நகர முடியும், அவர்களால் முடியாது. யார் நகர வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விவாதம் தேவையில்லை.

"ஒண்ணும் நினைக்க மாட்டீங்களே?"

அப்படியானால் சட்டம் எதற்கு, பண்போடு நடந்துகொண்டால் போதாதா? கேட்டுவிட்டுப் பற்றவைக்கலாமே?

நானும் கேட்டுவிட்டுத்தான் பற்றவைப்பேன். பெட்டியைக் கையில் எடுத்து, ஒன்றை உருவி, உதட்டில் வைத்து, லைட்டரைத் தூக்கிய பிறகு கேட்பேன், "ஒண்ணும் நினைக்க மாட்டீங்களே?" இந்தக் கேள்விக்கு 'நினைப்பேன்' என்று பதில் சொன்னவர் பதினோரு வருடத்தில் இரண்டே பேர். அவர்கள் இருவரையும் நான் வெகுநாள் சிடுமூஞ்சிகள் என்றே வைத்திருந்தேன். இப்போது யோசித்தால், என் கேள்வி கேள்வியே இல்லை. மறுத்தால் அந்த இடத்தின் இனிமையைக் கெடுத்த பழி மறுத்தவர் தலையில் விழும். அதுவும் நான் மேலதிகாரியாகவோ, வயதில் மூத்தவனாகவோ, விருந்தாளியாகவோ இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பரவாயில்லை என்பதைத் தவிர அவர்கள் வாயில் என்ன வரும்?

சிகரெட் நிறுவனங்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. தடைகள் நெருங்கி வந்த காலத்தில், "புகைப்பவரும் புகைக்காதவரும் ஒருவரை ஒருவர் அனுசரித்துப் போகலாமே, சட்டம் எதற்கு" என்று அவர்களே பணம் போட்டுப் பிரச்சாரம் செய்தார்கள். அனுசரிப்பு நல்ல குணம்தான். ஆனால் இங்கே ஒருவர் அனுசரிப்பது ஐந்து நிமிடம் காத்திருந்து, இன்னொருவர் அனுசரிப்பது தன் நுரையீரலை வைத்து. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் தராசு கோணிக்கொள்ளும்.

ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். தோக்கியோவின் சியோதா வட்டாரம் 2002-லேயே தெருவில் நடந்துகொண்டே புகைப்பதற்கு அபராதம் கொண்டுவந்தது. நெரிசலில் பெரியவர் தொங்கவிட்ட கையில் எரியும் சிகரெட், பக்கத்தில் வரும் குழந்தையின் முகத்துக்கு நேராக இருக்கும். குப்பை, தீக்காயம், மரியாதை என்ற கோணத்தில் வந்த விதி அது. அதே நாட்டில் உணவகத்துக்குள் புகைப்பதை நாடு தழுவிக் கட்டுப்படுத்தும் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரலில்தான். அதாவது பல வருடங்கள், காற்று வீசும் தெருவில் புகைக்கக் கூடாது, நாலு சுவருக்குள் புகைக்கலாம்! நாகரிகத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் இப்படித்தான் தலைகீழாகும். நல்லவேளை, இந்தத் தப்பை அவர்கள் பெருமளவு திருத்திக்கொண்டார்கள்.

தெளிவான விதி இருந்தால் யாரும் யாரையும் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. "இங்கே புகைக்கக் கூடாதாம்" என்று சுவரைக் காட்டிவிட்டால் போதும். புகைப்பவருக்கும் அது நிம்மதி. எங்கே போகலாம் என்று தெரிந்துவிடுகிறது.

சரி, புகைப்பவரை என்ன செய்வது?

இதுவரை படித்ததும் புகைப்பவர் மேல் கோபம் வந்திருக்கும். அந்தக் கோபத்தைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

ஒரு சோதனை இருக்கிறது. ஒரே இடம், ஒரே சிகரெட். முதலில் ஓர் ஆண் புகைக்கிறார், அப்புறம் ஒரு பெண். இரண்டாவது காட்சியில் உங்கள் முகம் கூடுதலாகச் சுளிக்கிறதா? நல்ல சட்டை போட்டவர் புகைத்தால் பேசாமல் நகர்ந்துவிட்டு, கூலி வேலை செய்பவர் புகைத்தால் அதட்டுகிறீர்களா? நுரையீரலுக்கு இதில் எந்த வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் தெரிந்தால் நம் கோபம் புகை மேல் இல்லை, ஆள் மேல். அதற்குப் பிறர் புகை ஒரு சாக்கு, அவ்வளவே.

நிகோடின் என்ன செய்கிறது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. புகையை இழுத்த பத்து, இருபது வினாடிக்குள் அது மூளையைத் தொட்டுவிடும். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். மூன்று மணி நேரக் கூட்டத்தில் ஒருவர் பேனாவைத் திருகிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் அது திமிர் இல்லை. இறங்கிக்கொண்டிருக்கும் நிகோடின் அவரை இழுக்கிறது. பெரும்பாலானவர்கள் இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தது பதின்பருவத்தில். பதினாறு வயதுப் பையன் எடுத்த முடிவுக்கு நாற்பது வயது மனிதர் கட்டுப்பட்டிருக்கிறார்.

2024-ல் வந்த கணக்குப்படி உலகில் புகையிலை பயன்படுத்துவோர் சுமார் 125 கோடி. அதில் 60 சதவீதத்துக்கும் மேல், அதாவது 75 கோடிக்கும் அதிகமானோர், விட வேண்டும் என்று விரும்புகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் சொன்னது. நீங்கள் முறைத்துப் பார்க்கும் ஆள் அநேகமாக இந்த 75 கோடியில் ஒருவர். காலையில்தான் 'இன்றோடு சரி' என்று சொல்லியிருப்பார். உங்கள் முறைப்பு அவருக்குப் புதுச் செய்தி இல்லை.

அவமானப்படுத்தினால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சிலர் விடலாம். நான் கண்டது வேறு, ஒளித்துப் புகைப்பார்கள். மருத்துவர் கேட்டால் ஒரு நாளைக்கு மூன்று என்பார்கள், உண்மையில் பன்னிரண்டாக இருக்கும். நானும் அப்படிப் பொய் சொன்னவன்தான். மருந்து கொடுக்கத் தேவையான தகவலை மறைக்கவைக்கிற அவமானத்தால் யாருக்கு லாபம்? நுரையீரல் புற்றுநோய் என்று கேள்விப்பட்டதும் நாக்கு நுனியில் வந்து நிற்கும் முதல் கேள்வி "சிகரெட் பிடிப்பாரா?" என்பதுதான். பிடித்தவருக்கு வலி குறைவா என்ன? பிடிக்காதவருக்கும் அந்த நோய் வரும், அவர்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே திரிகிறார்கள்.

புகைப்பவர்களிடம் மிகக் கடுமையாக நடந்துகொள்பவர்கள் யார் தெரியுமா? என்னைப் போல் விட்டவர்கள். விட்ட முதல் வருடம் நான் சகிக்க முடியாத ஆளாக இருந்தேன். அலுவலகப் படிக்கட்டில் புகைத்த நண்பனுக்கு இருபது நிமிடம் உபதேசம். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான், "இதையே உன்கிட்ட போன வருஷம் யாராவது சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

அந்தப் படிக்கட்டு பற்றி ஒரு குறிப்பு. மூடிய படிக்கட்டு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பற்றவைத்தால் ஐந்தாம் மாடிக்காரருக்குத்தான் முதலில் தெரியும். 'யாருமில்லாத இடம்' என்று நினைத்துத்தான் அவன் அங்கே போனான். லிஃப்டும் அப்படியே. வெளியே புகைத்துவிட்டு உடனே லிஃப்டில் ஏறினால், கடைசி இழுப்பின் மிச்சம் மூச்சில் வந்துகொண்டுதான் இருக்கும். ஒன்றிரண்டு நிமிடம் வெளியே நின்று, தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நல்லது. வாசலுக்கு நேராகவும் ஜன்னலுக்குக் கீழேயும் நிற்பதைவிட, காற்று போகும் பக்கம் யாருமில்லாத இடமாகப் பார்த்து நிற்கலாம். கார், வீடு, குழந்தை இருக்கும் அறை என்றால் விவாதமே இல்லை, வெளியேதான். துண்டை மிதித்துவிட்டுப் போகாதீர்கள், ஃபில்டரில் இருப்பது பஞ்சு அல்ல, ஒருவகைப் பிளாஸ்டிக். வேப் (மின் சிகரெட்) இழுத்தால் சும்மா நீராவிதான் என்றும் நினைக்க வேண்டாம், அதிலும் நிகோடினும் நுண்துகள்களும் வெளியே வருகின்றன. புகைக்கக் கூடாத இடத்தில் அதையும் எடுக்காமல் இருப்பதே முறை.

சொல்ல வேண்டியவர் எப்படிச் சொல்வது? மூக்கைப் பொத்திக்கொண்டு நாடகமாக இருமுவதால் பயனில்லை, புகைப்பவருக்கு அது சவால் மாதிரிதான் கேட்கும். புற்றுநோய்ப் பாடமும் வேண்டாம், பாக்கெட் மேலேயே படம் போட்டிருக்கிறது. அவர் பழக்கத்தைப் பற்றிப் பேசாமல் புகை எங்கே வருகிறது என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் காரியம் நடக்கும். மேல்வீட்டுப் பெண் செய்தது அதுதான். ஜன்னல், தொட்டில், தூங்குகிற நேரம். என்னை நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ அவர் எதுவும் சொல்லவில்லை.

எப்போதும் இப்படி முடியாது. சொந்த பால்கனியில் நின்று புகைப்பவருக்கு உரிமை இல்லையா என்ற கேள்விக்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. சுவரும் கூரையும் பகிர்கிற கட்டடத்தில், என் வீடு எங்கே முடிகிறது என்பது பத்திரத்தில் இருக்கும். என் புகைக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது. சில இடங்களில் கட்டடத்துக்கே விதி எழுதிவிடுகிறார்கள். விதி இல்லாத இடத்தில் பேச்சுத்தான் வழி. பேச்சுக்கு மசியாதவரிடம் மேற்கொண்டு போவதும் தப்பில்லை, முதல் நாளே போகாமல் இருந்தால் சரி.

போன மாதம் எனக்கே அந்த வேளை வந்தது. கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு பையன் குடிவந்திருக்கிறான், இருபத்தைந்து வயது இருக்கும். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையறை ஜன்னல் வழியே அந்தப் பழைய நெடி. மூன்று நாள் பொறுத்தேன். நாலாவது நாள் இறங்கிப் போனேன். படியிறங்கும்போது வாக்கியத்தை மனதுக்குள் நாலு தடவை சொல்லிப்பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அதட்டல் மாதிரியே இருந்தது. கதவைத் திறந்தவன் கையில் சிகரெட் இல்லை, ஆனால் விரல்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பால்கனியில நின்னா புகை மேல எங்க ரூமுக்கு வருது. அதைச் சொல்லலாம்னுதான்."

"ஐயோ சார், மேல வரும்னு தெரியாது" என்றான். முகம் சிவந்துவிட்டது. "வீட்டுக்குள்ள அம்மா இருக்காங்க, அதான் கதவைச் சாத்திட்டு அங்க நிக்கறேன்."

கட்டடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஜன்னல் எதுவும் இல்லாத சுவர் இருப்பதைக் காட்டினேன். புகைத்த நாட்களில் நான் அங்கேதான் நிற்பேன் என்றேன். "நீங்களுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். இப்போது அங்கே ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியும், பாதி மண் போட்ட ஒரு டப்பாவும் இருக்கின்றன. மழை பெய்கிற இரவுகளில் மட்டும் அவன் பால்கனிக்கே வந்துவிடுகிறான். அன்றைக்கு நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.